தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு

கோயம்புத்தூர் கணபதியில் கார் நிற்காத கார் ஷெட் ஒன்று இருந்தது. காருக்குப் பதிலாக அங்கே ஒரு மில்லிங் மிஷின் நின்றது. வீட்டுக்காரி சாந்தாமணி ஒரு பம்பு கம்பெனியின் டூல்ரூமில், அச்சும் கருவிகளும் செய்யும் பிரிவில், பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். சொந்தமாகத் தொழில் செய்ய ஆசைப்பட்டு, அந்த மிஷினைப் பழசாக வாங்கிப் போட்டிருந்தாள். உலோகத் துண்டை மேஜைமேல் இறுக்கிக் கட்டி, மேலே சுழலும் கட்டருக்கு அடியில் மேஜையை நகர்த்திக் குடைய வேண்டும். எவ்வளவு நகர்த்துகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

மேஜையின் ஓரத்தில் ஒரு கைச்சக்கரம். அதன் கழுத்தில் கோடு கோடாகப் பொறித்த டயல். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மேஜை ஐந்து மில்லிமீட்டர் போகும். இருபது சுற்றுக்கு நூறு. எட்டு வருஷமாக அந்தக் கணக்கைச் சாந்தாமணிக்குச் சொன்னது அந்த டயல்தான். அவளும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, குனிந்து அதைத்தான் பார்ப்பாள். அதனால் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அதை மரியாதையாக 'டயலார்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்த 'ஆர்' இல்லாமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

டயலாருக்கு ஒரு குறை இருந்தது. மேஜைக்கு அடியில் அதை நகர்த்தும் நீளத் திருகு ஒன்றும், அதைப் பற்றியபடி ஒரு பித்தளை நட்டும் உண்டு. புருஷன் பெண்டாட்டி மாதிரி காலம் பூராவும் ஒன்றாக ஓடித் தேய்ந்ததில், இருவருக்கும் நடுவே இரண்டு மூன்று தலைமுடி நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. ஒரே திசையில் சுற்றும்வரை தொந்தரவு இல்லை. திசையை மாற்றினால்தான் வம்பு. திருகு முதலில் அந்த இடைவெளியைக் கடந்து, அப்புறம்தான் நட்டைத் தள்ளும். அதுவரை சக்கரம் சுற்றும், டயலார் எண்ணுவார், மேஜை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தக் குடும்ப விவகாரம் சாந்தாமணிக்கு நன்றாகவே தெரியும். டூல்ரூமில் அதை 'லூஸ்' என்பார்கள். அதற்கு அவள் கையில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த அளவுக்குப் போனாலும் ஒரே பக்கத்திலிருந்து வருவாள். பின்னால் வர நேர்ந்தால் அரைச் சுற்று கூடுதலாகப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நிறுத்துவாள். அந்த அரைச் சுற்றில் லூஸ் கரைந்துவிடும். எட்டு வருஷம் ஒரு வேலைகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒருநாள் அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்து ஒரு புதுப்பெட்டி வந்து இறங்கியது. கறுப்பு முகம், அதில் பச்சை எண்கள். மேஜையோடு சேர்த்துப் பூட்டிய ஒரு கண்ணாடிப் பட்டையைப் பார்த்து, மேஜை எவ்வளவு நகர்ந்தது என்று மூன்று தசமம் வரைக்கும் சொல்லும். பட்டறைக்காரர்கள் டி.ஆர்.ஓ. என்பார்கள். திருகும் நட்டும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மேஜை நகர்ந்தால் நகர்ந்தது என்னும், நின்றால் நின்றது என்னும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை.

புதுப்பெட்டியை வந்த கையோடு நம்பிவிட முடியாது. தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் பித்தானை அழுத்தி அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், அதற்கப்புறம் எல்லா அளவையும் அந்தத் திருத்தத்தோடுதான் சொல்லும்.

பூட்டி முடித்த மறுநாள் மாதாந்திர ஷட்டவுன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். சாந்தாமணி ஷெட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டு ஐம்பது. சக்கரத்தைக் கடகடவென்று பின்னால் சுற்றி மேஜையை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தாள். டயலாரைச் சுழியத்தில் நிறுத்தினாள். பெட்டியைச் சுழியத்தில் நிறுத்தினாள். அரைச் சுற்றுப் பழக்கம் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. நேராக முன்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

இருபது சுற்று முடிந்தது.

"நூறு," என்றார் டயலார் கம்பீரமாக.

"தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு," என்றது பெட்டி.

ஷெட்டே கொல்லென்று சிரித்தது. மூலையில் இருந்த எண்ணெய்க் கேனுக்குச் சிரித்துச் சிரித்து மூக்கில் எண்ணெய் ஒழுகியது. "நூறு வரைக்கும் எண்ணத் தெரியல, இதுக்குப் பச்சை லைட்டு வேற!" என்றது அது.

"இல்லீங்க," என்றது பெட்டி. "மொதல்ல சக்கரம் சுத்துச்சு, ஆனா மேஜை நகரலீங்க. நான் பார்த்துட்டே இருந்தேன். டயலாரே, நீங்களும் பார்த்திருப்பீங்களே?"

 டயலாருக்குத் தெரியும். புதுப்பெட்டி சொல்வதுதான் சரி, தான் எண்ணியதில் முதல் நாலைந்து கோடு வெறும் காற்று என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நேற்றைக்கு அந்தப் பெட்டியைப் பூட்டும்போது சாந்தாமணி சொன்னது அவர் காதில் இன்னும் இருந்தது. "அப்பாடா, இனிக் குனிஞ்சு குனிஞ்சு டயலைப் பார்க்க வேண்டியதில்லை." எட்டு வருஷம் முகத்துக்கு முகம் பார்த்தவள், ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நூறுதான்," என்றார் டயலார்.

சாந்தாமணியும் பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "புதுசு, அதான் தடுமாறுது. இந்தா கண்ணு, இதுதான் நூறு. கத்துக்கோ." பித்தான்களை அழுத்தினாள். பெட்டியின் முகத்தில் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு அழிந்து, நூறு வந்தது. கரண்டும் போனது.

அன்று பூராவும் பெட்டி இருட்டு முகத்தோடு யோசித்தது. தன் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, எல்லாரும் சொல்வது வேறொன்று. எல்லாரும் இங்கேயே இருப்பவர்கள், தான் நேற்று வந்தவன். அப்படியென்றால் கோளாறு தன் கண்ணில்தான் இருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் அது பார்த்த எண்ணோடு நூற்றுக்குப் புள்ளி இரண்டு கூட்டிச் சொல்ல ஆரம்பித்தது. முதல் ஒருநாள் சொல்லும்போதெல்லாம் மனசு இடறியது. அப்புறம் பழகிவிட்டது. சாந்தாமணி மெச்சிக்கொண்டாள், எண்ணெய்க் கேன்கூட மரியாதை கொடுத்தது. பெட்டி சந்தோஷமாகவே தப்பு சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜெயசீலன் சார் கொடுத்த வேலை கைக்கு வந்தது. அவர் பார்வையில்லாத பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது. அந்தப் பிள்ளைகள் எழுதுவதற்கு இரட்டைப் பலகை வைத்திருப்பார்கள். அடிப்பலகையில் சின்னச் சின்னக் குழிகள், மேல்பலகையில் குழிகளுக்கு நேராகக் கட்டம் கட்டமாக ஜன்னல்கள். நடுவே தாளை வைத்து ஊசியால் குத்தினால், குழியில் இறங்கித் தாளில் புள்ளி எழும்பும். விரலால் தடவிப் படிக்கலாம். பள்ளியில் பன்னிரண்டு பலகைகளின் அடிப்பாகம் தேய்ந்துபோயிருந்தது. ஒரு வரிக்கு இருபத்தெட்டு எழுத்து, பலகைக்கு நாலு வரி, அறுநூற்றுச் சொச்சம் குழி. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

சாந்தாமணி மாதிரிக்கு ஒன்றைக் குடைந்து கொடுத்தனுப்பினாள். குழிகள் அத்தனை மழமழப்பு. பெட்டி ஒவ்வொரு குழிக்கும் எண் சொல்லி, அவள் ஒவ்வொன்றுக்கும் கை நிறுத்தி, இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாம் நாள் காலையில் ஜெயசீலன் சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைக் குச்சியால் வாசலைத் தட்டியபடி உள்ளே வந்தார். கக்கத்தில் அந்தப் பலகையும், கூடவே ஒரு பழைய பலகையும்.

"வாங்க சார், வாங்க. மாதிரி நல்லா இருந்துச்சுங்களா? மீதி பதினொண்ணையும் ஓட்டிடலாமா?" என்றாள் சாந்தாமணி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு.

அவர் உட்காரவில்லை. "அம்மிணி, ஒரு பாவம் பண்ணிப்போட்டேன்," என்றார்.

"என்னுங்க சார்?"

"இதை எங்க வகுப்புல தர்ஷிகான்னு ஒரு புள்ளைகிட்டக் குடுத்தேன். நல்லா எழுதற புள்ள. மொத நாளே வந்து, 'சார், வரி முடியற பக்கம் ஊசி எறங்க மாட்டீங்குது, பலகை சரியில்லீங்க'ன்னா. நான் கேக்கலை. புதுப் பலகை, மிஷின்ல செஞ்சது, எண்ணுப் பெட்டியெல்லாம் வெச்சுச் செஞ்சது, அது எப்படித் தப்பா இருக்கும்? 'உன் கையி சரியில்லை, அழுத்திக் குத்து'ன்னு அஞ்சு நாள் திட்டினேன். நேத்து அவ விரலைத் தொட்டுப் பார்த்தா, ஊசி புடிச்சுப் புடிச்சுப் புண்ணாக் கெடக்குது." அவர் இரண்டு பலகைகளையும் அவளிடம் நீட்டினார்.  "அப்புறம்தான் எங்கிட்ட இருந்த பழைய பலகையை இதுமேல வெச்சு நகத்தால ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்துல சேருது. போகப் போகக் கழண்டு வருது. கடைசி எழுத்துல நகம் இடறுதுங்க."

சாந்தாமணி பலகையை வாங்கி, பழையதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் டூல்ரூம்காரி, வேலையைக் குறை சொன்னால் சட்டென்று ஒப்புக்கொள்ள மனசு வராது.

"என் கை தப்பாதுங்க சார். பெட்டி தப்பா இருந்தா இன்னைக்கே கட்டி அனுப்பிடறேன். திருப்பிக் குடுக்கப் பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்கான், நாளையோட முடியுது." பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக் கீழே போட்டாள். "உங்க முன்னாலயே சோதிச்சுப் போடலாம். அன்னைக்கு எப்படிப் பார்த்தனோ அப்படியே பார்க்கறேன். டயல் எட்டு வருஷமா என்னை ஏமாத்துனதில்லை."

அட்டைப்பெட்டி தரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பெட்டி அதைப் பார்த்தது. உள்ளே அதே பஞ்சு மெத்தை.

சாந்தாமணி சக்கரத்தைப் பின்னால் சுற்றத் தொடங்கினாள். பெட்டி வந்த பிறகு அரைச் சுற்றுக்கு வேலையே இல்லாமல் போய், அந்தப் பழக்கம் அவள் கையை விட்டே போயிருந்தது.

"தப்பிச்சோம்," என்று கிசுகிசுத்தது எண்ணெய்க் கேன். "அன்னைக்கு மாதிரியேதான் சுத்தறா. டயலார் நூறும்பார், நீயும் இப்ப நூறும்பே. ரெண்டும் ஒத்துப்போகும். அட்டைப்பெட்டி பரணுக்குப் போயிரும். பேசாம இரு."

"அப்ப அந்தப் புள்ள?" என்றது பெட்டி.

"எந்தப் புள்ள?"

"தர்ஷிகா. பலகை சரின்னு ஆயிட்டா, அவ கைதானே தப்புன்னு ஆகும்?"



பெட்டி டயலார் பக்கம் திரும்பியது.  "டயலாரே, நான் ஒண்ணு கேக்கறேனுங்க. அன்னைக்கு நான் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டுன்னேன். என் கண்ணுதான் கோளாறுன்னு இத்தனை நாள் நம்பினேன். கோளாறுன்னா நான் அந்த அட்டைப்பெட்டிக்குள்ள போயிடறேன், பரவால்லை. ஆனா நெஜத்தைச் சொல்லுங்க. நான் பார்த்தது தப்புங்களா?"

டயலார் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பெஞ்சில் கிடந்த பலகையைப் பார்த்தார். ஒரு சின்ன விஷயம், நாலைந்து கோடு, ஒரு பொழுதின் பொறாமை. அது இங்கிருந்து கிளம்பி, பஸ் ஏறி, முகம் தெரியாத ஒரு குழந்தையின் விரல் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. 

"நட்டண்ணே," என்று அடியில் பார்த்துக் கூப்பிட்டார். "உங்களுக்கும் திருகுக்கும் நடுவுல இருக்கறதை இத்தனை நாள் எண்ணெயை ஊத்தி ஊத்திச் சத்தமில்லாம வெச்சிருந்தோம். இன்னைக்கு ஒரு தடவை சத்தமாத் தட்டுங்க."

"தட்டினா உங்க மானம் போயிருமே," என்றது நட்டு.

"போகட்டும்."

சாந்தாமணி டயலைச் சுழியத்தில் நிறுத்தினாள். அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு முன்னால் சுற்றினாள். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜெயசீலன் சார் தடுமாறாமல் இருக்க மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அம்மிணி, கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏனுங்க சார்?"

"இப்பச் சக்கரம் சுத்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"சத்தம் கேட்டுச்சு, சுத்துனது தெரிஞ்சுது. ஆனா என் கைக்கு மேஜை நகரலீங்களே. அந்த டக்குக்கு அப்புறம்தான் நகர்ந்துச்சு."

சாந்தாமணியின் கை சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. குனிந்தாள். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டயலின் கோடுகளை எண்ணினாள். பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை. புள்ளி இரண்டு.

"ஐயோ, லூஸு," என்றாள். அவர் உட்காராத ஸ்டூலில் தான் உட்கார்ந்துவிட்டாள். "பதினாறு வருஷம் டூல்ரூம்ல, ஒரே பக்கமா வரணும், ஒரே பக்கமா வரணும்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேனுங்க சார். கரண்ட் போயிரும்னு அவசரத்துல மறந்துபோட்டேன். தப்பான நூறை வெச்சுக்கிட்டு அதுக்கு எண்ணக் கத்துக்குடுத்திருக்கேன்."

"அப்பப் பெட்டி?"

"தெரியலைங்க. டயலும் வேண்டாம், என் வாயும் வேண்டாம். ரெண்டுக்கும் பொதுவான ஆளைக் கூட்டிட்டு வந்து கேக்கறேன்."

அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். பழைய டூல்ரூம் கூட்டாளி ஒருத்தியிடமிருந்து ஒரு மரப்பெட்டியை வாங்கி, முன்னால் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு இரும்புக் கட்டை. அளவுகளுக்கெல்லாம் அளவு சொல்லும் நூறு மில்லிமீட்டர் கட்டை. வெயிலில் வந்த சூடு ஆறட்டும் என்று அதை மேஜைமேல் வைத்துவிட்டு, சோறு சாப்பிட உள்ளே போனாள்.



"ஏன் அன்னைக்குச் சொல்லலை?" என்று டயலாரைக் கேட்டது பெட்டி.

"நீ வந்ததும் அவ என்னைப் பார்க்கறதை விட்டுட்டா," என்றார் டயலார். "நீ தப்புன்னா மறுபடி பார்ப்பான்னு நெனச்சேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை. சொல்லவே அசிங்கமாத்தான் இருக்கு."

"எனக்குக் கோவம்தானுங்க," என்றது பெட்டி. "என் கண்ணையே நான் நம்பாமப் போயிட்டேன்."

"இருக்கட்டும். கோவப்படு."

 பெட்டி இரும்புக் கட்டையின் பக்கம் திரும்பியது. இவரும் தப்பு என்று சொல்லிவிட்டால் அட்டைப்பெட்டிதான். பயந்துகொண்டே கேட்டது.

"நீங்கதான் நூறுங்களா?"

"ஏறக்குறைய," என்றது கட்டை.

"ஏறக்குறையன்னா?"

"மில்லிமீட்டரை ரெண்டாயிரம் பங்காப் போட்டா அதுல ஒரு பங்கு நான் கம்மி. இதோ, காயிதத்துல போட்டிருக்கு பாரு. எங்க போனாலும் இந்தக் காயிதமும் கூடவே வரும்."

"வெக்கமா இருக்காதுங்களா?"

"எழுதற வரைக்கும் யாராச்சும் கண்டுபுடிச்சுருவாங்களோன்னு திக்கு திக்குன்னு இருந்துச்சு. இப்ப நிம்மதியா இருக்கேன்."

டயலார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 

சாந்தாமணி கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். மேஜையில் ஒரு தடுப்பைக் கட்டி, அதை ஒட்டிக் கட்டையை வைத்தாள். தொட்டால் அசையும் முள் ஒன்றைக் கட்டையின் முகத்தில் தொடவைத்து, பெட்டியைச் சுழியத்தில் நிறுத்தினாள். கட்டையை எடுத்துவிட்டு, அதே முள் தடுப்பைத் தொடும்வரை மேஜையை நகர்த்தினாள். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது. மேஜை நகர்ந்தது சரியாகக் கட்டையின் நீளம்.

பெட்டி சொல்லிக்கொடுத்தபடியே சொன்னது: நூறு புள்ளி இரண்டு.

சாந்தாமணி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். பித்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, தான் கற்றுக்கொடுத்ததை முழுசாக அழித்தாள். ஒன்றுமே கற்றுக்கொடுக்காத முதல் நாள் பெட்டியாக அதை ஆக்கிவிட்டு, திரும்பவும் கட்டை, திரும்பவும் முள், திரும்பவும் மேஜை.

பெட்டிக்குப் பயத்தில் எண்ணே வரவில்லை. கூட்டவும் தெரியாமல், கழிக்கவும் தெரியாமல், கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னது.

நூறு.

"அட கண்ணு," என்றாள் சாந்தாமணி. அவள் குரல் வேறாக இருந்தது. முந்தானையால் பெட்டியின் முகத்தைத் துடைத்தாள். "நீ மொதல் நாளே சரியாத்தான் சொல்லியிருக்கே. நான்தான் உன்னைக் கெடுத்துப்போட்டேன்."

எண்ணெய்க் கேன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

அட்டைப்பெட்டியை மடித்துப் பழைய பேப்பர்காரனுக்குப் போடும் மூட்டையில் வைத்தாள். அப்புறம் ஒரு துண்டு ஒட்டுக்காகிதம் கிழித்து, பேனாவால் 'லூஸ் 0.2 - ஒரே பக்கமா வா' என்று எழுதி, டயலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். டயலார் நடுங்கிப்போனார். இனி வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பானே என்று நினைத்தார். ஆனால் அன்று சாயங்காலம், கரண்ட் கொஞ்ச நேரம் போய்ப் பெட்டி இருண்டபோது, சாந்தாமணி குனிந்து அந்தக் காகிதத்தைப் படித்து, அரைச் சுற்று பின்னால் போய், முன்னால் வந்து, டயலாரை நம்பி நாலு குழி குடைந்தாள். குழிகள் சரியாக விழுந்தன. அதற்கப்புறம் அவர் அந்தக் காகிதத்தை ஒருநாளும் உரிந்துவிழ விடவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஜெயசீலன் சார் பலகைகளை வாங்கிப்போக வந்தார். பன்னிரண்டும் புதுசு. ஒவ்வொன்றையும் பழைய பலகைமேல் வைத்து நகத்தை ஓட்டினார். நகம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டாவதை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் புள்ள எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டாள் சாந்தாமணி. பத்து நாளாகக் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி அது.

"வகுப்புல எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டேனுங்க. 'நீ சொன்னதுதான் சரி, பலகைதான் தப்பு, நான் கேக்காமப் போயிட்டேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"என் கையைப் புடிச்சுக்கிட்டா. அப்புறம், 'நெஜமாவா சார்? எனக்கே என் கை கோளாறுன்னு நம்பிக்கை வந்துருச்சுங்க'ன்னா." அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப மறுபடி எழுதறா. சரியாத்தான் குத்தறா. ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் 'சரிங்களா சார், சரிங்களா சார்'னு கேக்கறா. பரீட்சைக்குள்ள அந்தக் கேள்வி நின்னாப் போதும்."

மேலே பெட்டி அதைக் கேட்டது. தினமும் காலையில் முதல் எண்ணைச் சொல்லும்போது தனக்குள் எழுகிற கேள்வியும் அதுதான் என்று அதற்குத் தெரியும். பக்கத்தில் டயலார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

சாந்தாமணி பலகைகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். பெஞ்சில் அந்த முதல் பலகை, தப்பான பலகை, தனியாகக் கிடந்தது.

ஜெயசீலன் சார் கையை நீட்டித் தடவி அதைக் கண்டுபிடித்தார். "இதை என்ன பண்ணப் போறீங்க அம்மிணி?"

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டர்றனுங்க சார். பார்த்தாலே வயிறு எரியுது."

"எனக்குக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க இது?"

அவர் கடைசி எழுத்தின் குழியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"என் மேஜைமேல இருக்கட்டும். இனி எந்தப் புள்ளையையாச்சும் 'உன் கை சரியில்லை'ன்னு சொல்ல வாயைத் தொறந்தா, மொதல்ல இதைத் தொட்டுப் பார்க்கறேன்."